டீச்சரை மாற்றுவதற்கு முன் கட்டையை மாற்றிப் பாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 15 வயது. 7 வயதிலிருந்து அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பாட்டு டீச்சரிடம் படிக்கிறாள். வர்ணங்கள் முடிந்து, முப்பது கீர்த்தனைகள் வரை பாடம் ஆகிவிட்டது. ஒரு வருடமாக அரை மணி நேரம் பாடினாலே தொண்டை கட்டிக்கொள்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் பிசிறடிக்கிறது. போன மாதம் ஒரு போட்டிக்கு நடுவராக வந்தவர், "நல்ல குரல், நல்ல இடத்தில் சேருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சென்னையில் கச்சேரி செய்கிற ஒரு வித்வான் ஆன்லைனில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மாற்றலாமா? மாற்றினால், எட்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர் முகத்தில் எப்படி முழிப்பது?

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வேறு இடத்திலிருந்து என்னிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள் உண்டு. என்னை விட்டுப் போனவர்களும் உண்டு. நானே ஒரு டீச்சரை விட்டுப் போனவள்தான், அதுவும் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாமல். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தொண்டை கட்டிக்கொள்வது ஒன்று. "நல்ல இடம்" இன்னொன்று. தொண்டை விஷயத்தில் அவசரம் காட்ட வேண்டும். நல்ல இடம் விஷயத்தில் அவசரமே கூடாது. நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. தொண்டை கட்டினால் பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு என்று ஒரு வருடத்தை ஓட்டுகிறார்கள். போட்டி நடுவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே சென்னைக்கு போன் போடுகிறார்கள்.

முதலில் தொண்டை. உங்கள் மகள் என்ன கட்டையில் பாடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தால் "ஐந்தரை" என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெண் குழந்தைகள் சேர்ந்து பாடும் வகுப்பு என்றாலே பல இடங்களில் ஐந்தரைதான். தெரியாதவர்களுக்காக: ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை 1, அடுத்தது 2 என்று போகும், இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள். அந்தக் கட்டையை ஆதார ஷட்ஜமாக, அதாவது அடிப்படை 'ச' ஸ்வரமாக, வைத்துக்கொண்டு பாடுவதைத்தான் 'இத்தனை கட்டை சுருதி' என்கிறோம். பெண்கள் பொதுவாக நாலரையிலிருந்து ஆறு வரை, ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டரை வரை. இது ஒரு வீச்சுதானே ஒழிய விதி இல்லை. சாயங்காலம் ஐந்து மணி வகுப்பில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது ஆளுக்கொரு சுருதி வைக்க முடியாது. ஒரே சுருதிப் பெட்டி, ஒரே கட்டை. அது யாருக்குப் பொருந்துகிறதோ அந்தப் பிள்ளை 'குரல் நல்லாருக்கு' என்று பெயர் வாங்கும். நாலரைக்குப் பிறந்த பிள்ளை தினமும் ஒரு முழுக் கட்டை மேலே ஏறி நின்று கத்திக்கொண்டிருக்கும். ஒரு கட்டை பெரிய விஷயமா என்று தோன்றும். ஏணியில் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு இன்னும் ஒரு படி என்ன என்று கேட்பது போலத்தான் அது.

வீட்டிலேயே ஒரு வாரம் பார்த்துவிடலாம். காலையில் எழுந்தவுடன் வேண்டாம். எழுந்து ஒரு மணி நேரம் போகட்டும். சுருதிப் பெட்டியை, அல்லது போனில் இருக்கும் தம்பூராவை, நாலரையில் வையுங்கள். அகாரத்தில், அதாவது 'ஆ' என்று, மத்திய (நடு) ஸ்தாயி ஷட்ஜமத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி மந்தர (கீழ்) ஸ்தாயி பஞ்சமம் ('ப') வரை போகச் சொல்லுங்கள். அறையின் அந்தக் கோடியில் நீங்கள் நின்றால் அந்தப் பஞ்சமம் காதில் விழுகிறதா? அப்புறம் மேலே: மேல் ஷட்ஜமம், காந்தாரம் ('க'), மத்தியமம் ('ம'), முடிந்தால் பஞ்சமம். இப்போது காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். தாடை மேலே தூக்கிக்கொள்கிறதா? கழுத்து நரம்பு புடைக்கிறதா? புருவம் ஏறுகிறதா? தோள் காதை நோக்கி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஸ்வரத்தை அவள் பாடவில்லை, பிடித்துத் தள்ளுகிறாள். மறுநாள் ஐந்தில் வைத்துப் பாருங்கள். அதற்கடுத்த நாள் ஐந்தரை. மூன்றையும் போனில் பதிவு செய்துவைத்து நான்கைந்து நாள் கழித்துக் கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். இதற்குச் சங்கீத ஞானம் தேவையில்லை. அம்மாவாக இருந்தால் போதும்.

இன்னொன்று, வயது. ஆண் பிள்ளைகளுக்கு 12-லிருந்து 15-க்குள் குரல் உடைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கும் அதே வயதில் குரல்நாண்கள் வளர்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பையன்களுக்கு நடப்பது போல் ஊருக்கே கேட்கும்படி நடப்பதில்லை, அவ்வளவுதான். குரலில் கொஞ்சம் காற்று கலக்கும், நேற்று வந்த மேல் காந்தாரம் இன்று வராது, திடீரென்று ஒரு கரகரப்பு வந்து போகும். இந்தச் சமயத்தில் பல பெற்றோர் "டீச்சருக்குக் குரல் வளர்க்கத் தெரியவில்லை" என்ற முடிவுக்கு வந்து டீச்சரை மாற்றுகிறார்கள். ஒரு வருடத்தில் குரல் தானாகப் படிகிறது. பெயர் புது டீச்சருக்குப் போகிறது. பழைய டீச்சர் என்ன பாவம் செய்தார்?

பையன்களை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வரி: குரல் உடையும் மாதங்களில் பழைய கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். குரல் இறங்க இறங்கச் சுருதியையும் இறக்கிக்கொண்டே வாருங்கள். கச்சேரி, போட்டி எல்லாம் பிறகு. அந்த நேரத்தில் லய (தாள) வேலை செய்யலாம், நிறையக் கேட்கலாம், வீணையோ வயலினோ தொடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டாக்டர் வேலை இருக்கிறது. ஜலதோஷம் எதுவும் இல்லாமல் கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் இ.என்.டி. டாக்டரிடம் போய்க் குரல்நாணைக் குழாய்க் கேமரா வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு வருடமாக என்று நீங்கள் எழுதியிருப்பதால், இந்த வாரமே போங்கள். தொண்டை அழுத்திப் பாடுகிற, கத்திப் பேசுகிற பிள்ளைகளுக்குக் குரல்நாணில் சின்ன முடிச்சு விழுவது உண்டு. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல், குரல் பயிற்சி கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் சில மாதம் போனாலே சரியாகிவிடும். ஆனால் முடிச்சோடு எந்த வித்வானிடம் போனாலும் முடிச்சோடுதான் பாடுவாள். நெஞ்செரிச்சல், ராத்திரி லேட்டாகச் சாப்பிடுவது, ஸ்கூலில் கத்துவது, இதையெல்லாம் டாக்டர் கேட்பார். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை. நான் கும்பகோணத்துப் பக்கம். 14 வயது வரை ஒரு டீச்சரிடம் படித்தேன். அவர் சபாவில் பாடியதில்லை. நவராத்திரிக்குக் கொலு வீடுகளில் பாடுவார், கோயிலில் பாடுவார், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் ஒரு நடுவர் வார்த்தை விழுந்தது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் திருச்சியில் ஒரு சாரிடம் போக ஆரம்பித்தேன். டீச்சரிடம் அம்மா சொன்னது: "பத்தாவதுங்க, படிப்பு ஜாஸ்தி, கொஞ்ச நாள் லீவு." அந்த லீவு முடியவே இல்லை. டீச்சர் வீட்டு வழியாகப் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போனதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

திருச்சி வகுப்பில் சுருதி ஆறு கட்டை. அங்கே நன்றாகப் பாடிய அக்காவுக்கு ஆறுதான் சௌகரியம், அதனால் எல்லாருக்கும் ஆறு. எட்டு மாதத்தில் என் குரல் போய்விட்டது. போய்விட்டது என்றால், பேசும்போதே காற்று வந்தது. அந்த வருடம் நவராத்திரியில் ஒரு வீட்டில் என்னைப் பாடச் சொன்னார்கள். பாட ஆரம்பித்த பிறகுதான் பார்க்கிறேன், கொலுவுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் டீச்சர் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் எனக்கு மேலே எட்டவில்லை. பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் என் பக்கத்தில் குனிந்து, சுருதிப் பெட்டியின் திருகைப் பிடித்து, கீழே, இன்னும் கீழே என்று திருகினார். "யாரு உன்னை ஆறுல பாடச் சொன்னா? உனக்கு நாலரைடி. இதுல பாடு" என்றார். இன்னொரு பாட்டு பாடினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு மேல் மத்தியமம் வலிக்காமல் வந்தது.

அடுத்த சனிக்கிழமை திருச்சியில் சாரிடம் நடுங்கிக்கொண்டே சொன்னேன்: "சார், நான் நாலரைல பாடலாமா?" அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, உனக்குத் தனியா எடுக்கறேன். முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். எட்டு மாதம் யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் உங்களுக்கு என் முதல் பதில்: டாக்டரைப் பார்த்துவிட்டு, இப்போதைய டீச்சரிடமே போய், "இவளுக்குக் குறைந்த சுருதியில் வாரம் ஒரு நாள் தனியாக எடுக்க முடியுமா" என்று கேளுங்கள். கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லுங்கள். மூன்று மாதம் பாருங்கள். அவர் "எங்கிட்ட எல்லாருக்கும் ஐந்தரைதான், சாதகம் பண்ணினா தானா வரும்" என்று சொன்னால், அப்போது தயங்காமல் மாற்றுங்கள். வலி வந்தாலும் இன்னும் ஓங்கிப் பாடு என்று சொல்கிறவரிடம் எட்டு வருடம் என்ன, எண்பது வருடம் படித்திருந்தாலும் இருக்கக் கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வெளியே வர வேண்டும். குழந்தையிடம் தப்பாக நடக்கிற, தொடுகிற, ராத்திரியில் தேவையில்லாத மெசேஜ் அனுப்புகிற, "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொல்கிற ஆளாக இருந்தால் குரு பக்தி, பாடாந்தரம் (ஒரு குரு வழியில் பாட்டு பாடப்படும் முறை), சொல்லிக்கொள்வது எதுவும் கிடையாது. 2018 அக்டோபரில் கர்நாடக இசை உலகத்திலிருந்தும் இப்படிப் புகார்கள் வெளியே வந்தன. அந்த டிசம்பர் சீசனில் சென்னை மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. கதவு திறந்திருக்கிற அறையில்தான் வகுப்பு, யாராவது பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. நல்ல வாத்தியார் யாரும் அதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சரி, 'நல்ல இடம்' விஷயத்துக்கு வருவோம்.

ஒரே குருவிடம் கடைசி வரை இருப்பதுதான் நம் மரபு என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய வித்வான்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பாடம் உறவினரான செம்மங்குடி நாராயணஸ்வாமி ஐயரிடம். அவர் வயலின் வித்வான். அப்புறம் திருவிடைமருதூர் சகாராம ராவ், அவர் கோட்டுவாத்தியக் கலைஞர். அப்புறம் உமையாள்புரம் சுவாமிநாத ஐயர். அப்புறம் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் போவதற்கு முன்னால் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் படித்தவர். உங்கள் ஊர்க்காரரான எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மதுரை சீனிவாச ஐயங்கார் ஆரம்ப குரு. செம்மங்குடி பின்னால் வந்தவர். டி.கே. பட்டம்மாள் குருகுலவாசம் என்று யார் வீட்டிலும் இருந்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளுக்கு அம்பி தீட்சிதரிடமும் டி.எல். வெங்கடராம ஐயரிடமும் போனார், சிவன் பாட்டுக்குப் பாபநாசம் சிவனிடமே போனார். எது யாரிடம் இருக்கிறதோ அதை அவரிடம் போய் வாங்கிக்கொண்டார்.

நம் காலத்தில் சஞ்சய் சுப்ரமணியன். முதலில் வயலின், பிறகு வாய்ப்பாட்டு ருக்மிணி ராஜகோபாலனிடம், பிறகு கல்கத்தா கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி. மேடையில் பெயர் எடுத்த பிறகு நாதஸ்வர வித்வான் செம்பொன்னார்கோயில் எஸ்.ஆர்.டி. வைத்தியநாதனிடம் போய் உட்கார்ந்தார். அருணா சாய்ராம் கதை உங்கள் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. அம்மாவிடம் தொடங்கி டி. பிருந்தாவிடம் பாடம் கற்றவர், குரலை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்காக மட்டும் ஜெர்மனியில் யூஜின் ராபின் என்ற குரல் பயிற்சியாளரிடம் போனார். சங்கீதத்துக்கு ஒருவர், தொண்டைக்கு ஒருவர். நம்மூரில் இது இன்னும் வழக்கமாகவில்லை. நாம் எல்லாவற்றையும் ஒரே டீச்சர் தலையில் கட்டுகிறோம். ஸ்வரம், சாகித்யம், லயம், மனோதர்மம் (சொந்தக் கற்பனையில் பாடுவது), குரல், மேடைப் பழக்கம், சபா அறிமுகம், எல்லாம். அடுத்த தெரு டீச்சருக்கு இதில் நான்கு தெரிந்திருந்தாலே அவர் பெரிய டீச்சர்.

இந்தப் பெயர்களை எல்லாம் சொன்னது, பார்த்தீர்களா எல்லாரும் மாற்றியிருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு மட்டும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனார்கள். உங்கள் மகள் எதற்காகப் போகிறாள்? முப்பது கீர்த்தனை பாடம் ஆகியிருக்கிறது என்றால், அடுத்து அவளுக்கு வேண்டியது சொந்தக் கற்பனையில் பாடுகிற ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம். உங்கள் டீச்சர் அவளைத் தனியாக உட்கார வைத்து, "மோகன ராகத்தில் நீ பத்து நிமிஷம் பாடு, நான் கேட்கிறேன்" என்று சொன்னதுண்டா? சொன்னதே இல்லை, கேட்டால் புதுக் கீர்த்தனை ஒன்றை எடுத்து நீட்டுகிறார் என்றால், அவரிடம் இருந்ததை அவர் கொடுத்து முடித்துவிட்டார். அதில் அவருக்கு இழுக்கு எதுவும் இல்லை. அப்போது மாறுவது நியாயம். வெறும் "கச்சேரி சான்ஸ் கிடைக்கும்" என்பதற்காக மட்டும் என்றால், 15 வயதில் என்ன கச்சேரி? டிசம்பரில் மத்தியானம் 12 மணிக்கு, சாப்பாட்டுக்கு கேன்டீன் போகிற கூட்டத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு பாடுகிற கச்சேரி. அது எங்கேயும் ஓடிப் போகாது.

மாற்றினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாடாந்தரம் மாறும். ஒரே கீர்த்தனையில் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகள் ஒரு வழியில் ஆறு, இன்னொரு வழியில் எட்டு. ஒரு இடத்தில் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மாறும், ஒரு இடத்தில் ஸ்வரமே மாறும். தியாகராஜரிடம் நேரே கற்ற சிஷ்யர்கள் வழியாகவே வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று பாடாந்தரங்கள் வந்துவிட்டன. அதனால் ஒன்று சரி, மற்றது தப்பு என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியாது. புது சார் நோட்டில் பழைய டீச்சர் எழுதிக் கொடுத்த ஸ்வர வரியின் மேல் சிவப்பு மையில் கோடு போடும்போது, எட்டு வருடம் தப்பாகப் படித்துவிட்டோம் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளின் பழைய நோட்டை நான் தொடுவதே இல்லை. "அது அப்படியே இருக்கட்டும், நாம புது நோட்டு போட்டுக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். பழைய பாட்டைத் திருத்துவதைவிடப் புதுப் பாட்டைச் சொல்லிக் கொடுப்பது எனக்கும் சுலபம். இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்களே பழைய பாட்டை எடுத்துப் பார்த்து எந்தச் சங்கதி வேண்டும் என்று முடிவு செய்துகொள்வார்கள். நீங்கள் போகிற இடத்தில் அந்த வித்வான் பழைய நோட்டை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். போன டீச்சரைப் பற்றி ஒரு நக்கல் வார்த்தை சொன்னால், நாளைக்கு உங்கள் மகளைப் பற்றியும் அடுத்த பிள்ளையிடம் சொல்வார்.

அப்புறம், பின்னுக்குப் போகத் தயாராக இருங்கள். நல்ல வாத்தியார் என்றால் முதல் நாளே பெரிய கீர்த்தனை எடுக்க மாட்டார். ஜண்டை வரிசை, அலங்காரம் போன்ற ஆரம்பப் பாடங்கள், மூன்று காலத்தில் (வேகத்தில்) அகாரம், பழைய வர்ணமே மறுபடியும் இரண்டு காலம். திருச்சியில் எனக்கு நான்கு மாதம் அதுதான். அம்மா பஸ்ஸில் வரும்போதெல்லாம் "இதுக்காகவா இவ்வளவு தூரம் வர்றோம்" என்று புலம்பினார். அதற்காகத்தான் போனோம் என்று இப்போது தெரிகிறது.

ஆன்லைன் பற்றி. நேரில் மாதம் ஒரு முறையாவது போக முடிந்தால் சரி. முழுக்க முழுக்க ஆன்லைன் என்றால், குரலில் பிரச்சினை இருக்கிற பிள்ளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையத்தில் ஒலி போய்ச் சேருவதற்குள் தாமதம் ஆகிவிடுவதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாடி நிறுத்தி, மற்றவர் திருப்பிப் பாட வேண்டும். ஜூம் தம்பூராவைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டால்தான் கொஞ்சம் நிற்கும். இதெல்லாம் சமாளிக்கலாம். ஆனால் தாடை மேலே போவதும் கழுத்து இறுகுவதும் சின்னத் திரையில், முகம் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும்போது யார் கண்ணிலும் படாது. பாடம் ஏற்றுவதற்கு ஆன்லைன் போதும். குரல் திருத்துவதற்கு ஆள் எதிரே உட்கார வேண்டும். மதுரையிலேயே கேட்டுப் பாருங்களேன். அரசு இசைக் கல்லூரி இருக்கிற ஊர்; அங்கே படித்தவர்கள், படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். சென்னை என்றால்தான் சங்கீதம் என்பது சென்னைக்காரர்கள் கிளப்பிவிட்ட பேச்சு.

எந்த வித்வான் என்று பார்க்கும்போது அவர் கச்சேரியைக் கேட்காதீர்கள். கேளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவருடைய சிஷ்யப் பிள்ளைகள் நான்கு பேர் பாடுவதைக் கேளுங்கள். நான்கு பேரும் அவரைப் போலவே, அதே தும்மல் அதே இருமலோடு பாடினால் யோசியுங்கள். நான்கு பேருக்கும் நான்கு குரல் இருந்து, யாருக்கும் தொண்டை கட்டாமல், அவர் வழி மட்டும் எங்கேயோ தெரிந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் வகுப்பு உண்டா, ஏப்ரலிலிருந்து அமெரிக்கா போய்விடுவாரா, அவர் இல்லாதபோது யார் எடுப்பார், அவர் எடுப்பது மாதத்தில் எத்தனை வகுப்பு, மூத்த சிஷ்யை எடுப்பது எத்தனை, சம்பளம் எவ்வளவு, இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மூத்த சிஷ்யை எடுப்பதில் தப்பே இல்லை, சில சமயம் அதுதான் நல்லது. ஆனால் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் படிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். திருப்புகழுக்கு ஒருவர், தேவாரத்துக்கு ஓதுவார் ஒருவர் என்று தனித்தனியாக இருந்தால், இருவருக்கும் தெரிந்து செய்தால், தாராளமாக. ஆலாபனையை இருவரிடம் படித்தால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் படிப்பது எந்த ஊரிலும் ஒரு மாதத்துக்கு மேல் ரகசியமாக இருந்ததில்லை.

இனி, எப்படிச் சொல்வது. வாட்ஸ்அப்பில் வேண்டாம். போனிலும் வேண்டாம். புது இடத்தில் முதல் வகுப்பு நடப்பதற்கு முன்னால், டீச்சருக்கு வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, வசதிப்பட்டால் ஒரு புடவை, அந்த மாதச் சம்பளம் முழுசாக. அவர் கடனாகக் கொடுத்த நோட்டோ கேசட்டோ இருந்தால் அதையும். பேச வேண்டியது உங்கள் மகள். "டீச்சர், ராகம் பாடறதுக்காக இன்னொருத்தர்கிட்ட போகலாம்னு இருக்கேன், நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்." இவ்வளவு போதும். காரணப் பட்டியல் வேண்டாம், படிப்பு என்று பொய் வேண்டாம், அந்த நடுவர் சொன்னதைச் சொல்லவே வேண்டாம். அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கும். சுருங்கட்டும். என்னிடம் சொல்லிக்கொண்டு போனபோதெல்லாம் எனக்கும் சுருங்கியிருக்கிறது. அன்று ராத்திரி சாப்பாடு சரியாக இறங்காது. சொல்லாமல் போனவர்களை நினைத்தால் இன்றைக்கும் இறங்குவதில்லை. இன்னும் நல்லது, பெயர் முடிவு செய்வதற்கு முன்பே, "அடுத்து இவள் யாரிடம் போகலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பது. பாதி டீச்சர்கள் தாமாகவே ஒரு பெயர் சொல்லி, போனும் போட்டுக் கொடுப்பார்கள். உங்கள் மகள் குரல் அவர் காதில் எட்டு வருடமாக இருக்கிறது. யாரிடம் பொருந்தும் என்று அந்த வித்வானைவிட அவருக்குத்தான் தெரியும்.

விஜயதசமிக்கு இரண்டு வீட்டுக்கும் போகட்டும். பிற்காலத்தில் எங்காவது பாடும்போது மைக்கில் குரு பெயர் படிப்பார்களே, அதில் முதல் பெயராக இந்த டீச்சர் பெயர் வரட்டும்.

எப்போது என்றால், உடனே மாற வேண்டிய மேலே சொன்ன காரணங்கள் இல்லையென்றால், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிகிற வரை டீச்சரை மாற்றாதீர்கள். இந்த வாரம் டாக்டர். அடுத்த வாரம் டீச்சரிடம் சுருதி பற்றிப் பேச்சு. அதற்குப் பிறகு பரீட்சை வரை தினமும் இருபது நிமிஷம், வலிக்காத கட்டையில், அகாரமும் ஒரு வர்ணமும் மட்டும். ஜூனில் அந்தப் பழைய பதிவையும் அன்றைய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மேல் காந்தாரம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். சென்னையா மதுரையா என்பதை அப்போது பேசலாம்.